நாய் நிக்குது

அந்த நாயை நாங்கள் வாங்கவில்லை. ஒருவர் செத்தபோது எங்களுக்கு மிச்சமாய் வந்தது.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, சரிவில் ஒரு பங்களா. அதில் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகாதவர். முன்பு கீழே எங்கோ பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர். மிஸ்ஸியம்மா என்போம். அப்பாவுக்கு அங்கே தோட்ட வேலை. அம்மாவுக்குச் சமையல். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. நான் ஒரே பெண். பத்து வயது இருக்கும்.

நாயின் பெயர் யோனா. பழுப்பும் வெள்ளையுமாக, காது தொங்கி, ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். எங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவிடும். எதிரே வருவது மாடா மனுசனா தெரியாது. அதனால் மிஸ்ஸியம்மா அதன் கழுத்தில் ஆட்டுக்குக் கட்டுகிற பித்தளை மணி ஒன்றைக் கட்டியிருந்தார்.

தினமும் நாலு மணிக்கு இரண்டு பேரும் நடக்கப் போவார்கள். கேட்டிலிருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதை. முதலில் ஓடைப் பாலம். அப்புறம் சாய்ந்த பைன் மரம். கடைசியில் பள்ளத்தைப் பார்த்து ஒரு கல் பெஞ்சு. அதோடு பாதை முடிந்துவிடும். பாலத்தில் நாய் நிற்கும். மரத்தடியிலும் நிற்கும். யாராவது ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், மிஸ்ஸியம்மா ஒவ்வொரு சொல்லாக வெட்டி வெட்டிச் சொல்வார். "நாய். நிக்குது. நான் என்ன. செய்ய." நானும் பக்கத்துப் பிள்ளைகளும் அதை அதேபோலச் சொல்லிக்காட்டிச் சிரிப்போம்.

ஒரு நாள் மணிச் சத்தம் மட்டும் திரும்பி வந்தது. அப்பா போய்ப் பார்த்தார். மிஸ்ஸியம்மா கல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். தொப்பிகூடக் கலையவில்லை என்றார் அப்பா. 

பங்களாவைப் பூட்டினார்கள். அப்பாவைக் காவலுக்கு இருக்கச் சொன்னார்கள். சமையலுக்கு ஆள் வேண்டாம் என்றார்கள். நாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

அந்தக் குளிரில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. மூச்சிரைப்பு போகவில்லை. கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழும். குழி மெதுவாக நிரம்பும். நான் அதை விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தேன். அம்மா அடுப்புப் பக்கம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். நீ அசையாதே என்று சொல்லி அப்பாவே சோறு பொங்கினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு நானும் போனேன். டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசினார்.

"இருதயம் பலம் இல்லம்மா. மாத்திரை ஒரு பக்கம். நீங்க தினமும் நடக்கணும். உக்காந்தே கெடந்தா ரொம்ப நாள் தாங்காது."

"எங்கங்க நடக்க?"

"எங்கயாச்சும்."

"சோலி இல்லாமயா?"

"நடக்கிறதுதாம்மா சோலி."

அம்மா சிரித்துவிட்டாள். "ஒரு பொம்பள சும்மா ரோட்டுல போயிட்டு வந்தா ஊரு என்னங்க சொல்லும்?"

டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். திறக்க நேரமானது.

விறகுக்குப் போகலாம், தண்ணிக்குப் போகலாம், கடைக்குப் போகலாம், துக்கத்துக்குப் போகலாம். வெறுமனே நடக்க முடியாது. எங்கள் சனத்தில் யாரும் அப்படி நடந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் நடந்தார்கள். அவர்களுக்கும் கையில் ஒரு நாய் இருந்தது.

நாலு மணிக்கு யோனா எங்கள் கதவைப் பிறாண்டியது. முதல் நாள் அம்மா விரட்டினாள். மறுநாளும் விரட்டினாள். அப்புறம் ஒரு நாள் ஆணியில் தொங்கிய மிஸ்ஸியம்மாவின் தோல் வாரை அதுவே வாயால் இழுத்து அம்மாவின் மடியில் போட்டது. அம்மா வாரையும் நாயையும் பார்த்தாள். எழுந்தாள்.

அன்றைக்குக் கேட்டு வரைதான். வந்து அரை மணி நேரம் இரைத்தாள். பிறகு பாலம் வரை. பங்குனி வெயில் அடிக்கும்போது பைன் மரம் வரை. பங்களாத் தோட்டத்தில் பேரிக்காய் பிடித்தபோது அம்மா கல் பெஞ்சு வரை போய் வந்தாள்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. கடைக்காரர் ஒரு நாளும் வாயை மூடி வைக்க மாட்டார். "என்னக்கா, நீங்க நாய மேய்க்கிறீகளா, நாய் உங்கள மேய்க்குதா?"

"ரெண்டு பேரும் மேயத்தான் போறோம். பாலுக்குத் தண்ணி ஊத்துற சோலியப் பாருங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு சரி. நாயோடு போகிற பொம்பளையை ஊர் ஒன்றும் சொல்லவில்லை. அது சோலியாகிவிட்டது.

கால் வீக்கம் வடிந்தது. முகம் தெளிந்தது. அப்பாவிடமிருந்து கரண்டியைப் பிடுங்கினாள். குளிரில் நடந்து நடந்து கன்னம் இரண்டும் சிவந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அத்தை வரும் வரை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கன்னிவாடியில் இருந்தாள். வருசத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறி வந்து பத்து நாள் இருந்துவிட்டு, ஒரு மூட்டை பேரிக்காயோடு இறங்குவாள். கனத்த உடம்பு. மலைக்குளிர் ஆகாது. அடுப்பை விட்டு நகர மாட்டாள். அங்கிருந்தபடியே எல்லாம் பார்த்துவிடுவாள்.

வந்த அன்றைக்கே அம்மாவைக் கண் எடுக்காமல் பார்த்தாள். "சாகக் கெடக்குறான்னுல்ல தாக்கல் வந்துச்சு. இது என்ன இப்படித் தேறியிருக்கா?"

"நடக்குறேன் மதினி. நாயோட."

"எங்க?"

அம்மா சொன்னாள். பாலம், மரம், பெஞ்சு. அத்தை அடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"செத்தவ பாதையிலயா?"

மறுநாள் சாயங்காலம் அத்தை என்னைப் பின்னால் அனுப்பினாள். என்ன நடக்கிறது என்று பார்த்து வரச் சொன்னாள். எனக்கும் போக ஆசைதான். மேகம் அன்றைக்குச் சீக்கிரம் ஏறியது. அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. முன்னால் மணிச் சத்தம்.

பாலத்தில் மணி நின்றது.

கிட்டே போனேன். நாய் பாதையில் குறுக்காக உட்கார்ந்திருந்தது. தலையைத் திருப்பி, காதைத் தூக்கி, அம்மா இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத் தாண்டிப் பார்த்தது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. ஒன்றும் இல்லை.

"யாரும்மா வாறா?"

அம்மா நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. மிஸ்ஸியம்மாவும் அப்படித்தான் இடுப்பில் கை வைத்து நிற்பார்.

மேலேயிருந்து ஒரு விறகுக்காரி சுமையோடு இறங்கினாள். "ஏன்க்கா இங்க நிக்கிறீக, இந்தக் குளுருல?"

அம்மா சொன்னாள். "நாய். நிக்குது. நான் என்ன. செய்ய."

ஒவ்வொரு சொல்லாக. வெட்டி வெட்டி. நாங்கள் சொல்லிக்காட்டிச் சிரித்த அதே மாதிரி.

விறகுக்காரி போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நாய் தானாக எழுந்தது. யாரும் அதட்டவில்லை. வாரை இழுக்கவில்லை. மணி மேலே போனது, அம்மா அதன் பின்னால் போனாள். நான் போகவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அப்பா காதில் விழும்படி என்னிடம் சொன்னாள். "செத்தவளுக்குக் குடியிருக்க வீடு வேணும்ல. அதான் உங்க ஆத்தா ஒடம்பப் பழுது பாக்குறா. செவரு பூசி, வெள்ளையடிச்சு, நல்லாத் தேத்திக்கிட்டு ஒரு நா உள்ள வந்து உக்காந்துருவா. அப்புறம் உங்க ஆத்தாள எங்கன்னு தேடுவ?"

அப்பா வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு அம்மாவைப் பார்க்கப் பயம். அவள் கன்னம் சிவந்தால் பயம். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இரைக்காமல் நடந்தால் பயம். அவள் நன்றாக ஆக ஆக எனக்கு அவள் குறைந்துகொண்டே வந்தாள். தலை வாரிவிட வந்தால் கையை முகர்ந்து பார்ப்பேன். மிஸ்ஸியம்மாவின் சோப்பு வாசனை அடிக்கிறதா என்று. வெங்காயம்தான் அடிக்கும். அதையும் நம்ப மாட்டேன்.

அத்தை பழனியிலிருந்து கொண்டுவந்த திருநீறு வைத்திருந்தாள். முருகனுக்குச் சொல்லிவிட்டு நாயின் நெற்றியில் பட்டையாகப் பூசினாள். நாய் தும்மியது. அத்தை முகமெல்லாம் திருநீறு. நாய் நெற்றியில் பட்டையோடு நாலு மணிக்கு நடக்கப் போனது. டீக்கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அத்தை விடவில்லை. அப்பாவைத் தினமும் அரித்தாள். ஒட்டன்சத்திரம் கமிசன் கடைக்காரர் ஒருவர் குடோனுக்கு நாய் தேடுகிறார், அவள் ஊர்க்காரர்தான், கேரட் ஏற்றிப் போகும் லாரியில் விட்டால் இறக்கிக்கொள்வார் என்றாள். அப்பா ஒரு வாரமாகப் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் வெள்ளனே எழுந்து நாயின் கழுத்தில் சணல் கயிற்றைக் கட்டினார். அவருக்கும் பயம் வந்திருக்க வேண்டும். பெஞ்சில் அந்த அம்மாவைப் பார்த்தவர் அவர்தானே.

அம்மா வாசலில் நின்றாள். தடுக்கவில்லை. "சாயங்காலம் என்னைய யாரு கூட்டிட்டுப் போவா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தை என் கையைக் கிள்ளினாள். "கேட்டியா. அது யாரு பேசுறது?"

லாரி போனது. தோல் வார் ஆணியில் தொங்கியது.

அன்றைக்கு அம்மா மத்தியானம் சோறு போட்டாள். நாலு மணி ஆனது. எழுந்தாள். வாரை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் அத்தை.

"நடக்க."

"நாய்தான் போயிருச்சே."

"காலு உக்கார விடல மதினி."

போய்விட்டாள். அப்பா பங்களா கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது. மேகம் வந்து கேட்டை மூடியது. டீக்கடை மறைந்தது. அம்மா திரும்பும் நேரம் வந்து, போனது. அத்தை முதலில் அடுப்பைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். பிறகு கம்பளியை எடுத்துப் போர்த்தினாள்.

"வாடி."

அத்தை அந்தப் பாதையில் ஏறியது அதுதான் முதல் தடவை. பாலம் வருவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. பாலத்துக் கல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கண் பிதுங்கியது.

"யாரோ. என்னையப் பிடிச்சு. நிறுத்துறாகடி" என்றாள்.

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடைத் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது. மேலேயிருந்து. மெதுவாக. மணி.

அந்த மணி அதிகாலையிலேயே லாரியில் கீழே போன மணி.

அத்தை முருகா முருகா என்று ஆரம்பித்தாள். கல்லை விட்டு எழவில்லை. எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. கீழே ஓடினால் அம்மா இல்லை. மேலே ஓடினேன்.

பைன் மரத்தின் வேரில் அம்மா சாய்ந்து கிடந்தாள். உதடு கருத்திருந்தது. கையில் வார் சுற்றியபடி இருந்தது. அவள் காலுக்குக் குறுக்கே யோனா படுத்திருந்தது. கழுத்தில் கடித்த சணல் கயிறு, நாலு விரல் நீளம். தலையைத் திருப்பி, காதைத் தூக்கி, அவள் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்மா ஒரு தடவை எழப் பார்த்தாள். நாய் அசையவில்லை. கனமாகக் கிடந்தது. அவள் திரும்பச் சாய்ந்தாள்.

நான் அழக்கூட இல்லை. உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்து முகர்ந்தேன். வெங்காயம்.

எவ்வளவு நேரமோ தெரியாது. அம்மாவின் உதட்டில் நிறம் வந்தது. நாய் எழுந்து உதறிக்கொண்டது. மணி குலுங்கியது. அதற்கப்புறம்தான் அம்மா எழுந்தாள். மேலே போகவில்லை. கீழே இறங்கினோம். பாலத்தில் அத்தை அப்படியே இருந்தாள். எங்களோடு மணியையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா அவள் பக்கத்தில் நின்றாள். "மதினி, நாய் இனிமே வீட்லதான் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபம் இல்லை. அத்தை மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பேரிக்காயை மறந்துவிட்டாள். செத்தவள் விட மாட்டாள், நாயை லாரியிலிருந்து இறக்கிக் கூட்டி வந்துவிட்டாள் என்று கன்னிவாடி முழுக்கச் சொன்னதாகக் கேள்வி. லாரிக்காரர் சொன்னது வேறு. செக்போஸ்டில் வண்டி நின்றபோது கயிற்றைக் கடித்துக்கொண்டு குதித்துவிட்டதாம். அது சரி. அங்கிருந்து ஏன் வீட்டுக்கு வராமல் நேரே மரத்தடிக்குப் போனது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அத்தை போன அன்றைக்குச் சாயங்காலம் அப்பா பழைய பலகைகளை அடித்து நாய்க்கு ஒரு கூண்டு செய்தார். கருவாட்டுக் குழம்பில் தலையை எடுத்து அதற்கு வைத்தார். அதற்கு முன்னால் அந்தத் தலை அவருக்குத்தான்.

அம்மா நடந்தாள். பாலத்தில் நாய் நிற்கும். மரத்தில் நிற்கும். கேட்டவர்களுக்கு அம்மா அதே பதிலைச் சொன்னாள். நான் அந்தப் பாதைப் பக்கமே போகவில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினேன். ஓட்டல் ஒன்றில் துணி துவைக்கப் போனேன். யோனா கிழடாகிச் செத்தது. பேரி மரத்தடியில் புதைத்தோம். மறுநாள் நாலு மணிக்கு அம்மா வாரைக் கையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். நாய் செத்த பிறகும் அவள் பாலத்தில் நின்றாள். யாராவது கேட்டால், "நாய் நிக்குது" என்றாள். கேட்டவர்கள் வெரசாக நடந்தார்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்றார்கள். நான் அத்தை சொன்னதை நினைத்தேன். வெளியே சொன்னதில்லை.

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன கெடுவை அம்மா ரொம்பத் தூரம் தாண்டினாள். என் கல்யாணம் பார்த்தாள். என் மகளைத் தூக்கினாள். அம்மா தூக்கத்தில்தான் போனாள்.

போன வருசம் எனக்கும் அதே இரைப்பு வந்தது. கால் வீங்கியது. தினமும் நடங்கம்மா என்றார்கள். இப்போது சோலி இல்லாமல் நடக்கலாம். ஊரே பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறது. மகளிடம் எதற்கும் முடியவில்லை என்று சொன்னதில்லை. முடியவில்லை என்று சொன்னால் உட்கார வைத்துவிடுவாள். அவளும் என் அப்பா மாதிரி.

பங்களா இப்போது லாட்ஜ். பாதையில் சிமெண்டு போட்டுக் கம்பி கட்டியிருக்கிறார்கள். மகள்தான் கூட்டிப் போனாள். அவள் முன்னால் நடந்தாள். பாலத்தில் எனக்கு மூச்சு தீர்ந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது. பைன் மரத்தை வெட்டிவிட்டார்கள், கட்டை மட்டும் இருக்கிறது. அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் வந்தபோது மறுபடியும் தீர்ந்தது. அதே இடம்.

மிஸ்ஸியம்மாவுக்கு அங்கேதான் தீர்ந்திருக்கும். அம்மாவுக்கும். அந்த நாய்க்கு இரைப்புச் சத்தம் தெரியும். அது அடங்குகிற வரை காதைத் தூக்கிக்கொண்டு கேட்டிருக்கும். அடங்கினால் எழுந்திருக்கும். மூச்சு இல்லாதவர்கள் எல்லாம் சொல்லை வெட்டி வெட்டித்தான் பேசுவார்கள்.

மகள் திரும்பி வந்தாள். "ஏம்மா நின்னுட்ட? முடியலயா?"

வாயில் அதுதான் வந்தது. "நாய். நிக்குது."

"எந்த நாய்?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. பள்ளத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மகள் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் பார்த்தாள்.